மனநல வார்டுக்கு போஸ்டிங் வரும் நர்சிங் மாணவர்கள் சைக்கோதெரபி பற்றி அடிக்கடி கேட்கும் கேள்விகள்

களியக்காவிளையை நடுவில் வைத்தால், இந்தப் பக்கம் மார்த்தாண்டம், குழித்துறை, அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று இரண்டு மாநிலத்திலிருந்தும் பிள்ளைகள் எங்கள் வார்டுக்கு போஸ்டிங் வருகிறார்கள். வகுப்பில் எல்லாம் படித்திருக்கிறார்கள், ஃப்ராய்ட் யார் என்று கேட்டால் டக்கென்று சொல்வார்கள், ஆனால் முதல் நாள் ஒரு நோயாளி முன்னால் உட்கார வைத்தால் வாயே திறப்பதில்லை. ஒவ்வொரு பேட்சும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். நோயாளிகளின் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

சைக்கோதெரபி என்றால் என்ன? வீட்டில் பெரியவர்கள் ஆறுதல் சொல்வதும் இதுதானே?

இரண்டிலும் பேச்சுதான் நடக்கிறது. ஆனால் ஆறுதல் சொல்கிற சித்திக்கு ஒரு திட்டம் கிடையாது, நேரக் கணக்கு கிடையாது, தான் என்ன சொல்கிறோம், அது எதிரில் இருப்பவரை என்ன செய்கிறது என்று திரும்பிப் பார்க்க வேண்டிய கட்டாயமும் கிடையாது. சைக்கோதெரபி என்பது பயிற்சி பெற்ற ஒருவர், ஒரு கோட்பாட்டின் அடிப்படையில், இருவரும் ஒத்துக்கொண்ட ஒரு நோக்கத்துக்காக, குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட இடத்தில் பேச்சையும் உறவையும் வைத்துச் செய்யும் சிகிச்சை. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-ல் இந்த உறவை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்: இலக்கில் உடன்பாடு, அதற்காகச் செய்யப்போகும் வேலையில் உடன்பாடு, இருவருக்கும் நடுவே ஒரு பிணைப்பு. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் பேச்சு நடக்கும், சிகிச்சை நடக்காது.

'பேச்சால் குணமாக்குதல்' என்ற பெயரைக் கொடுத்தவர் டாக்டர் இல்லை, ஒரு நோயாளி. வியன்னாவில் 1880 முதல் 1882 வரை ஜோசஃப் ப்ராயர் பார்த்துவந்த, புத்தகங்களில் அன்னா ஓ என்று வரும் பெண். ப்ராயரும் ஃப்ராய்டும் சேர்ந்து 1895-ல் அந்த கேஸை வெளியிட்டார்கள். வைவாவில் கேட்டாலும் கேட்பார்கள். அதைவிட, வார்டில் நிற்கும்போது இது நினைவில் இருப்பது நல்லது: தனக்கு எது உதவுகிறது என்று நோயாளிக்கே சொல்லத் தெரியும்.

நாங்கள் நர்ஸ்கள். தெரபி செய்வது சைக்காலஜிஸ்ட் வேலை இல்லையா?

முறையான தெரபி செஷன் நடத்த தனிப் பயிற்சியும் மேற்பார்வையும் வேண்டும். பி.எஸ்சி. மாணவர் போஸ்டிங்கில் அதைச் செய்யக் கூடாது, செய்கிறேன் என்று நோயாளியிடம் சொல்லவும் கூடாது. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சைக்காலஜிஸ்ட் வாரத்துக்கு ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ பார்க்கிறார். ராத்திரி இரண்டு மணிக்கு உறக்கம் வராமல் வராந்தாவில் நடக்கும் ஆளைப் பார்ப்பது யார்? ஊசி போடும்போது கையை இழுத்துக்கொள்ளும் பெண்ணிடம் பேசுவது யார்? அந்த நேரத்தில் நீங்கள் சொல்லும் இரண்டு வாக்கியம், செஷனில் ஒரு மாதம் கட்டியதை நிலைநிறுத்தவும் செய்யும், இடிக்கவும் செய்யும். அதனால்தான் செஷன் நடத்தாவிட்டாலும் அதன் அடிப்படைகள் நர்ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் மனநல நர்ஸை, சைக்காலஜிஸ்ட், மனநல சமூகப் பணியாளரோடு ஒரே வரிசையில் மனநலப் பணியாளராகத்தான் வைத்திருக்கிறது.

பெப்லாவின் கட்டங்கள் நான்கா, மூன்றா? புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறதே?

மனநல நர்சிங் கோட்பாட்டை வகுத்த ஹில்டகார்ட் பெப்லா, நர்ஸ்-நோயாளி உறவைப் பற்றி 1952-ல் எழுதியபோது நான்கு கட்டம் சொன்னார்: அறிமுகம், அடையாளம் காணுதல், பயன்படுத்திக்கொள்ளுதல், முடித்தல். நடு இரண்டையும் சேர்த்து 'வேலைக் கட்டம்' என்று ஆக்கி, முன்னால் 'சந்திப்புக்கு முந்தைய கட்டம்' என்று ஒன்றைச் சேர்த்துத்தான் இன்றைய பாடப்புத்தகங்கள் எழுதுகின்றன. தேர்வில் பெப்லா பெயரைப் போட்டுக் கேட்டால் முதல் நான்கை எழுதுங்கள். பொதுவாக நர்ஸ்-நோயாளி உறவின் கட்டங்கள் என்று கேட்டால் இரண்டாவது வரிசையை எழுதுங்கள்.

வார்டில் முக்கியம் அறிமுகக் கட்டம். பெயர், எந்தக் காலேஜ், எத்தனை நாள் இருப்பேன், எந்த நேரம் வருவேன், சொல்வதை யாரிடமெல்லாம் பகிர்வேன் என்று ஐந்து விஷயத்தையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பலர் 'எத்தனை நாள்' என்பதை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் மூன்றாவது வாரம் திடீரென்று ஆளைக் காணோம் என்றால் அந்த மனிதர் என்ன நினைப்பார்? அவரை ஏற்கெனவே எத்தனை பேர் விட்டுப் போயிருப்பார்கள்?

எம்பதிக்கும் சிம்பதிக்கும் என்ன வித்தியாசம்? எழுதத் தெரிகிறது, செய்யத் தெரியவில்லை.

'அய்யோ பாவம்' என்பது சிம்பதி. அதில் நீங்கள் மேலே நிற்கிறீர்கள், அவர் கீழே இருக்கிறார். எம்பதி, அதாவது ஒத்துணர்வு, அவர் இருக்கும் இடத்திலிருந்து அவருக்கு அது எப்படித் தெரிகிறது என்று பார்க்க முயல்வது, பார்த்ததை அவரிடமே சொல்லி 'இப்படித்தானா?' என்று சரிபார்ப்பது. சரிபார்க்கிற இந்த இரண்டாவது பாதியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மனசுக்குள் புரிந்துகொண்டால் மட்டும் போதாது, நீங்கள் புரிந்துகொண்டது அவருக்குத் தெரிய வேண்டும்.

கார்ல் ரோஜர்ஸ் 1957-ல் எழுதிய கட்டுரையில் தெரபிஸ்டிடம் இருக்க வேண்டியவை என்று மூன்று வருகின்றன: உள்ளும் புறமும் ஒன்றாயிருத்தல், நிபந்தனையில்லாத மதிப்பு, ஒத்துணர்வு. நம் பிள்ளைகளுக்குக் கஷ்டமாக இருப்பது நடுவில் இருப்பதுதான். மதுவால் குடும்பத்தை அழித்துவிட்டு வந்து படுத்திருக்கும் ஆளை எப்படி மதிப்பது என்று கேட்கிறார்கள். அவர் செய்ததை ஏற்றுக்கொள்ளச் சொல்லவில்லை. அந்த ஆள் மதிக்கத்தக்க மனிதர் என்பதை அவர் நடத்தையைப் பொறுத்து ஏற்றி இறக்க வேண்டாம் என்கிறார் ரோஜர்ஸ்.

நோயாளி பேசவே மாட்டேன் என்கிறார். பிராசஸ் ரெக்கார்டிங்கில் என்ன எழுதுவது?

நோயாளியோடு நடந்த பேச்சை வார்த்தைக்கு வார்த்தை எழுதிவைப்பதுதான் பிராசஸ் ரெக்கார்டிங். இந்தக் கேள்விக்குத்தான் நான் நிறைய நேரம் செலவழிப்பேன். ஒரு மாணவியின் முதல் ரெக்கார்டு இப்படி இருந்தது. நோயாளி ஐம்பது வயது தாண்டிய அம்மா, சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே இருப்பார்.

மாணவி: ஏன்மா சாப்பிடலை?
நோயாளி: பசிக்கல மக்களே.
மாணவி: சாப்பிட்டாத்தானே மருந்து வேலை செய்யும்?
நோயாளி: மௌனம்.
மாணவி: கவலைப்படாதீங்கம்மா, எல்லாம் சரியாயிடும்.
நோயாளி: சரி மக்களே. நீ போ.

நான்கு நிமிடம்தான். மூன்று வாக்கியத்தில் மூன்று தவறு. முதலில் 'ஏன்'. நம் வீடுகளில் 'ஏன்' என்பது கேள்வியே இல்லை, அது திட்டு. ஏன் லேட், ஏன் மார்க் குறைஞ்சது, ஏன் இப்படி உட்கார்ந்திருக்கே. அந்த வார்த்தை காதில் விழுந்த உடனே ஆள் தற்காப்புக்குப் போய்விடுகிறார். இரண்டாவது அறிவுரை, அவர் கேட்காதது. மூன்றாவது பொய் நம்பிக்கை. எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அவருக்கே தெரியாதபோது? 'உன் துக்கத்தைக் கேட்க எனக்கு நேரமில்லை' என்றுதான் அது அவருக்குக் கேட்டிருக்கும். அதனால்தான் மரியாதையாகவே 'நீ போ' என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் அந்த மாணவியிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: கேள்வி கேட்காமல் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வா. 'நேத்து நான் அவசரப்பட்டுட்டேன்மா. இன்னைக்கு பத்து நிமிஷம் சும்மா உங்க பக்கத்துல உட்கார்றேன், பேசணும்னு இல்லை' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஏழெட்டு நிமிடம் ஒன்றுமில்லை. வார்டு ஆயா கஞ்சியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அந்த அம்மா அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'அவருக்கு கஞ்சின்னா பயறு வேணும்' என்றார்.

மாணவி 'பயறு' என்று மட்டும் திருப்பிச் சொன்னாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அரை மணி நேரம் அந்த அம்மாதான் பேசினார். விடிவதற்கு முன்னால் ரப்பர் பால்வெட்டப் போய்விட்டு வரும் கணவர், வந்ததும் கஞ்சியும் பயறும், முப்பது வருடம் ஒரு நாள் தவறாமல். அவர் போன பிறகு அடுப்பில் பயறு வைக்கவே கை வரவில்லையாம். பசியில்லை என்று கேஸ் ஷீட்டில் ஒரே வரியில் இருந்த விஷயம் இதுதான்.

மௌனம் வெறுமை இல்லை. அங்கே என்னவோ நடந்துகொண்டிருக்கிறது, நீங்கள் பயந்து போய் அதை வார்த்தையால் நிரப்பாமல் இருந்தால் போதும். ரெக்கார்டில் மௌனத்தையும் எழுதுங்கள்: எத்தனை நிமிடம், அப்போது கை என்ன செய்தது, கண் எங்கே இருந்தது. டெக்னிக் என்ற நெடுவரிசையில் 'மௌனம்', 'கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்லுதல்' என்று எழுதலாம், அவை இரண்டும் பாடத்தில் உள்ள நுட்பங்கள்தான்.

ஒரு எச்சரிக்கை. எல்லா மௌனமும் ஒன்று இல்லை. குரல் கேட்டுக்கொண்டிருப்பவரின் மௌனம், அசைவே உறைந்துபோகும் கேட்டடோனியாவில் இருப்பவரின் மௌனம், தற்கொலை பற்றி முடிவெடுத்துவிட்டவரின் மௌனம் எல்லாம் வேறு வேறு. சந்தேகம் இருந்தால் உட்கார்ந்துகொண்டே இருக்காமல் டூட்டி சிஸ்டரிடம் சொல்லுங்கள்.

எல்லையில் இருக்கிறோம். பாதிப் பேர் மலையாளம், பாதிப் பேர் தமிழ், பலர் இரண்டும் கலந்து. எந்த மொழியில் பேசுவது?

நோயாளியின் மொழியில். முழுதாகத் தெரியாவிட்டாலும் அவருடைய வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டு திருப்பிக் கேளுங்கள்.

இந்த ஊரில் ஆபத்து தெரியாத வார்த்தைகளில் இல்லை, தெரிந்த மாதிரி இருக்கும் வார்த்தைகளில்தான் இருக்கிறது. 'விஷமம்' என்று ஒருவர் சொன்னால் மதுரையிலிருந்து வந்த பிள்ளைக்குக் குறும்பு, மலையாளம் பேசுபவருக்குத் துயரம். 'மகன் சம்சாரிக்கில்ல' என்று ஒரு தாய் சொன்னபோது, அவனுக்குச் சம்சாரம் இல்லை, கல்யாணம் ஆகவில்லை என்று ஒரு மாணவர் எழுதிக்கொண்டு வந்தார். அந்தத் தாய் சொன்னது, மகன் பேசுவதை நிறுத்திவிட்டான் என்று. 'பேடி' என்றால் அங்கே பயம், இங்கே ஆளைக் கேவலப்படுத்தும் சொல். 'புத்திமுட்டு' என்றால் கஷ்டம், அறிவுக் குறைபாடு இல்லை. மனநிலையைப் பரிசோதித்து எழுதும் மென்டல் ஸ்டேட்டஸ் எக்ஸாமினேஷனில் இப்படி ஒரு வார்த்தை தவறாக விழுந்தால் நோயே வேறாகிவிடும். அதனால் உங்கள் மொழிபெயர்ப்பை எழுதாமல் அவர் சொன்ன சொல்லையே எழுதி, பக்கத்தில் அவரிடமே கேட்ட விளக்கத்தை எழுதுங்கள். 'விஷமம்னு சொன்னீங்களே, அது எப்படி இருக்குது?' என்று கேட்பது சந்தேகத்தையும் தீர்க்கும், அதுவே நல்ல தெரபியூடிக் கேள்வியும்கூட.

இன்னொன்று. நம் ஆட்கள் மனதைச் சொல்ல உடம்பைத்தான் எடுக்கிறார்கள். நெஞ்சுக்குள்ள பாரம், தலைக்குள்ள எரியுது, உடம்பெல்லாம் தளர்ச்சி. 'அதெல்லாம் ஒண்ணுமில்லை, மனசுதான்' என்று வெட்டிவிடாதீர்கள். முதலில் உடம்பை டாக்டர் பரிசோதித்தாரா என்று பாருங்கள், அப்புறம் அந்தப் பாரம் எப்போது வருகிறது, யார் இருக்கும்போது கூடுகிறது என்று அந்த வழியாகவே உள்ளே போகலாம்.

டிரான்ஸ்ஃபரன்ஸ், கவுண்டர் டிரான்ஸ்ஃபரன்ஸ் இரண்டையும் எளிதாகச் சொல்லுங்கள்.

பழைய உறவில் ஒருவர் மேல் இருந்த உணர்ச்சி, தெரியாமலே இப்போது உங்கள் மேல் வந்து உட்கார்வது டிரான்ஸ்ஃபரன்ஸ். நீங்கள் மருந்து கொண்டுவரும்போது மட்டும் ஒருவர் காரணமில்லாமல் கத்துகிறார், உங்களை அல்ல, கட்டாயப்படுத்தி ஊட்டிய யாரையோ. அதே போல உங்கள் பழைய உணர்ச்சி நோயாளி மேல் போய் உட்கார்ந்தால் கவுண்டர் டிரான்ஸ்ஃபரன்ஸ்.

எல்லாவற்றிலும் இதைத் தேட வேண்டாம். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் வயதானவர்கள் வழியில் போகிற பிள்ளையைக்கூட 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிட்டதற்காக 'நோயாளி என்னை மகளாகப் பார்க்கிறார்' என்று ரெக்கார்டு எழுதினால் அது ஊர் வழக்கம் தெரியாத எழுத்து. நீங்கள் பக்கத்துப் படுக்கையில் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அவர் இரண்டு நாள் சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அப்போது யோசிக்கலாம்.

கவுண்டர் டிரான்ஸ்ஃபரன்ஸைப் பற்றி ஒரு மாணவர் எனக்கே பாடம் சொல்லிக்கொடுத்தார். நன்றாக வேலை செய்கிற பையன், ஆனால் மது வார்டில் ஒரு குறிப்பிட்ட படுக்கைக்கு மட்டும் போகமாட்டான், போனாலும் பி.பி. பார்த்துவிட்டு நிமிடத்தில் திரும்பிவிடுவான். கேட்டபோது 'அவர் ரொம்பப் பொய் சொல்றார் மேடம்' என்றான். நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. நான்கு நாள் கழித்து அவனே வந்து, அவர் சிரிக்கிற விதம் என் அப்பா குடித்துவிட்டு வந்து சிரிக்கிற மாதிரியே இருக்கிறது என்றான். அது தெரிந்த பிறகு அவனால் அந்தப் படுக்கைக்குப் போக முடிந்தது. அப்படி உணர்ச்சி வருவது குற்றமே இல்லை. வந்ததைப் பார்க்காமல் நோயாளி மேல் காட்டுவதுதான் தவறு. அடையாளங்கள் எளிது: ஒருவரைத் தவிர்ப்பது, ஒருவருக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுப்பது, வீட்டுக்குப் போன பிறகும் ஒருவரையே நினைத்துக்கொண்டிருப்பது, விதியை ஒருவருக்காக மட்டும் தளர்த்துவது.

ரெசிஸ்டன்ஸ், டிஃபென்ஸ் மெக்கானிசம்?

சிகிச்சையில் வலிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் போகும்போது நோயாளி தெரியாமலே பிரேக் போடுவது ரெசிஸ்டன்ஸ். நேரத்துக்கு வராமை, பேச்சை மாற்றுதல், திடீரென்று 'எனக்கு எல்லாம் சரியாயிடுச்சு' என்பது. வலியிலிருந்து மனம் தெரியாமலே தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகள் டிஃபென்ஸ் மெக்கானிசங்கள். அவற்றை அன்னா ஃப்ராய்ட் 1936-ல் தொகுத்து எழுதினார், பட்டியல் உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. நான் சொல்ல விரும்புவது, அவற்றை உடைப்பது உங்கள் வேலை இல்லை. 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை, பலருடைய உடலும் கிடைக்கவில்லை. 'ஏதோ ஒரு நாட்டுக் கரையில ஒதுங்கியிருப்பார், வருவார்' என்று ஒரு மனைவி சொன்னால், அதற்கு டினையல், அதாவது உண்மையை மறுத்தல், என்று பெயர் வைத்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. உடலைப் பார்க்காத துக்கத்துக்கு பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் தனிப் பெயரே கொடுத்திருக்கிறார், தெளிவற்ற இழப்பு. இருக்கிறாரா இல்லையா என்று முடிவு சொல்லும்படி அந்தப் பெண்ணை நெருக்காதீர்கள். அவர் நம்பிக்கையையும் துக்கத்தையும் ஒன்றாகச் சுமக்க இடம் கொடுத்தால் போதும்.

எத்தனை வகை தெரபி படிக்க வேண்டும்?

நிறைய இருக்கின்றன, நான்கு குடும்பங்களைப் பிடித்துக்கொண்டால் மற்றவை அதில் அடங்கும். மனதின் ஆழத்தில் கிடக்கும் பழைய முரண்பாட்டைப் பார்ப்பவை, அதாவது ஃப்ராய்ட் வழி. நடத்தையைக் கற்றுக்கொண்டோம், அதனால் மாற்றிக் கற்கலாம் என்பவை, பாவ்லவ், ஸ்கின்னர் வழி. எண்ணத்தைப் பிடிப்பவை, எல்லிஸ், பெக் வழி. மனிதனின் வளரும் சக்தியை நம்புபவை, ரோஜர்ஸ் வழி. குழு, குடும்பம் என்பவை எல்லாம் யாரோடு உட்கார்கிறோம் என்பதைப் பொறுத்த பிரிவு, அவற்றுக்குள் மேலே சொன்ன எந்த வழியும் வரலாம். மார்ஷா லினஹன் 1993-ல் புத்தகமாக எழுதிய டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி), தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு நோயாளிகளுக்காக வந்தது. அதையும் ஒரு பத்தி படித்து வையுங்கள்.

சிபிடியை (காக்னிட்டிவ் பிஹேவியர் தெரபி) ஒரு உதாரணத்தோடு?

எண்ணத்தைப் பிடித்து மாற்றும் இந்தத் தெரபியை உருவாக்கிய ஏரன் பெக் முதலில் ஃப்ராய்ட் வழியில் பயின்றவர். 1960-களில் டிப்ரஷன் நோயாளிகளைக் கேட்டபோது, அவர்கள் மனதில் ஒரு வேகமான உள்பேச்சு ஓடிக்கொண்டே இருப்பதைக் கவனித்தார். தன்னைப் பற்றி, உலகத்தைப் பற்றி, எதிர்காலத்தைப் பற்றி என்று மூன்று பக்கமும் இருட்டாகப் பார்க்கும் எண்ணங்கள்.

உதாரணம். வளைகுடாவில் இருக்கும் கணவர் இரவு போன் எடுக்கவில்லை. மனைவிக்கு உடனே வருவது: 'என்னை மறந்துட்டார்.' அதனால் அழுகை, அதனால் மறுநாள் போன் வந்தும் எடுக்காமல் இருப்பது, அதனால் சண்டை, அதனால் 'பார்த்தியா, நான் நினைச்சது சரிதான்.' சம்பவம் ஒன்றுதான், இடையில் நுழைந்த எண்ணம்தான் மீதி எல்லாவற்றையும் ஓட்டுகிறது. எல்லிஸ் இதை ஏ, பி, சி என்று வைத்தார்: நடந்தது, நம்பியது, விளைந்தது. சிபிடியில் அந்த நடு எண்ணத்தை எழுதி வைத்து, அதற்குச் சான்று என்ன, வேறு விளக்கம் உண்டா, அங்கே அவருக்கு அப்போது ஷிஃப்டா என்று இருவரும் சேர்ந்து பார்ப்பார்கள். சேர்ந்து பார்ப்பது என்பதுதான் அதில் உயிர். 'நீங்க நெகட்டிவா யோசிக்கிறீங்க, பாசிட்டிவா யோசிங்க' என்று சொல்வது சிபிடி இல்லை, திட்டின் இன்னொரு வடிவம். சில சமயம் அந்த எண்ணம் உண்மையாகவும் இருக்கும். அப்போது சமாளிக்கும் வழியைப் பற்றிப் பேசுவார்கள். வழக்கமாக 12 முதல் 20 செஷன், இடையில் வீட்டுப்பாடம். அந்த வீட்டுப்பாடத்தைச் செய்தாரா என்று கேட்டு ஊக்கப்படுத்துவது வார்டு நர்ஸ் செய்யக்கூடிய பெரிய உதவி.

பிஹேவியர் தெரபியில் எதைக் கேட்பார்கள்?

ஜோசஃப் வோல்ப்பே 1958-ல் எழுதிய படிப்படியாகப் பயம் நீக்கும் முறை, ஓசிடிக்கு (ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் நோய்) எக்ஸ்போஷர் அண்ட் ரெஸ்பான்ஸ் ப்ரிவென்ஷன், அதாவது பயப்படுவதை எதிர்கொள்ள வைத்து அந்தச் செயலைச் செய்யாமல் இருக்கப் பழக்குவது, நல்ல நடத்தைக்கு டோக்கன் கொடுத்து ஊக்கப்படுத்தும் டோக்கன் எகானமி. வார்டில் ஓசிடி நோயாளி கை கழுவாமல் இருக்கப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கும்போது, இரக்கப்பட்டு 'ஒரு தடவை கழுவிட்டு வாங்க' என்று விட்டுவிடாதீர்கள். பயிற்சித் திட்டம் என்ன என்று முதலில் கேஸ் ஷீட்டில் பாருங்கள்.

குரூப் தெரபியில் நர்ஸ் என்ன செய்வது?

நாற்காலிகளை வட்டமாகப் போடுவதிலிருந்து ஆரம்பியுங்கள், அதுவும் சிகிச்சைதான். பெரும்பாலும் 6 முதல் 10 பேர். இர்வின் யாலம் 1970-ல் எழுதிய புத்தகம்தான் இதில் அடிப்படை, அவர் பட்டியலில் குணமாக்கும் காரணிகள் 11. அதில் 'எனக்கு மட்டும் இல்லை' என்ற உணர்வுதான் முதலில் வேலை செய்கிறது. காலையில் கை நடுங்குவதை மனைவியிடம்கூட மறைத்தவர், எதிரில் இருப்பவர் அதையே சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்வதைப் பார்த்திருக்கிறேன். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் சுயஉதவி, சைக்கோதெரபி இல்லை, ஆனால் அங்கே நடப்பதிலும் இந்தக் காரணி இருக்கிறது.

குடும்பத்தை எதற்கு உள்ளே இழுக்க வேண்டும்?

நம் நாட்டில் குடும்பம் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறது. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளியின் குடும்பத்தார் வளாகத்திலேயே கூடாரத்தில் தங்கி உடன் இருக்க ஏற்பாடு செய்தார், வேலூர் சி.எம்.சி.யிலும் குடும்பத்தோடு தங்கிச் சிகிச்சை பெறும் முறை வளர்ந்தது. இதெல்லாம் வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்துச் செய்ததில்லை.

படிக்க வேண்டிய ஒரு கருத்து எக்ஸ்பிரஸ்டு எமோஷன். வீட்டில் ஓயாத குறைசொல்லல், பகை, அளவுக்கு மீறிய தலையீடு இருந்தால் ஸ்கிசோஃப்ரீனியா திரும்பி வரும் வாய்ப்பு கூடுகிறது. அதை வைத்து அம்மாவைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். பத்து வருடம் தூங்காமல் ஒரு மகனைப் பார்த்துக்கொண்ட அம்மாவுக்குக் குரல் உயரத்தான் செய்யும். அவருக்கு நோயைப் பற்றிச் சொல்லிக்கொடுங்கள், இரண்டு நாள் ஓய்வுக்கு வழி தேடிக்கொடுங்கள். அப்பா துபாயில் இருந்தால் வீடியோ காலில் சேர்த்துக்கொள்ளலாம், நாங்கள் செய்திருக்கிறோம்.

மருந்து இருக்கும்போது பேச்சு எதற்கு? பேச்சு இருக்கும்போது மருந்து எதற்கு?

லேசான டிப்ரஷனுக்குப் பல நேரம் தெரபி மட்டுமே போதும், கடுமையானதற்கு இரண்டும் வேண்டும். ஸ்கிசோஃப்ரீனியா, பைபோலார் போன்றவற்றில் மருந்துதான் அடித்தளம், அதன் மேல்தான் மற்றவை. யாரோ தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று நம்புபவரிடம் வாதாடவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். 'எனக்கு அப்படித் தெரியலை, ஆனா உங்களுக்கு ரொம்பப் பயமா இருக்குன்னு புரியுது' என்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பதில்.

கோயில், ஜெபவீடு, மந்திரவாதம் என்று சுற்றிவிட்டுத்தான் வருகிறார்கள். என்ன சொல்வது?

திட்டாதீர்கள். 'ஊளம்பாறைக்குப் போ' (திருவனந்தபுரத்தில் மனநல மருத்துவமனை இருக்கும் இடம்) என்பதே வசவாக இருக்கும் ஊரில், ஒரு குடும்பம் மனநல ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து சேர எத்தனை தயக்கத்தைத் தாண்டியிருக்கும் என்று யோசியுங்கள். அவர்கள் நம்பிக்கை அவர்களுக்குத் துணை. மருந்தை நிறுத்தாமல் கும்பிடட்டும், ஜெபிக்கட்டும். ஒரே இடத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை: கட்டி வைப்பதும் அடிப்பதும். 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். சங்கிலியால் பிணைப்பதை 2017 சட்டம் எந்த வடிவிலும் தடை செய்கிறது. அதைக் குடும்பத்தாரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

'யாரிடமும் சொல்லாதே' என்று ஒரு விஷயம் சொன்னார். சொல்லலாமா?

கேட்பதற்கு முன்பே பதில் சொல்லியிருக்க வேண்டும்: 'உங்க சிகிச்சைக் குழுவுக்குள்ள இருக்கும், வெளியே போகாது. உங்க உயிருக்கோ மத்தவங்க உயிருக்கோ ஆபத்துன்னா நான் சொல்லித்தான் ஆகணும்.' 2017 சட்டத்தின் 23-வது பிரிவு ரகசியம் காக்கும் உரிமையைக் கொடுக்கிறது, உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற விதிவிலக்குகளையும் சொல்கிறது. குழந்தை மேல் பாலியல் வன்முறை என்று தெரியவந்தால் 2012 போக்சோ சட்டப்படி தகவல் கொடுத்தே ஆக வேண்டும். பஸ்ஸில், ஹாஸ்டலில், வாட்ஸ்அப் குரூப்பில் கேஸ் பேசுவதும் ரகசிய மீறல்தான். மார்த்தாண்டம் பஸ்ஸில் உங்கள் முன் சீட்டில் உட்கார்ந்திருப்பவர் அந்த நோயாளியின் தங்கையாக இருக்கலாம், ஊர் அவ்வளவு சின்னது.

தற்கொலையைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமா?

இல்லை. நேராகக் கேட்பது எண்ணத்தை விதைப்பதில்லை, உலக சுகாதார நிறுவனமும் இதைத்தான் சொல்கிறது. 'செத்துடலாம்னு தோணுதா?' என்று அந்த வார்த்தையிலேயே கேளுங்கள், 'தப்பா ஏதாவது யோசிக்கிறீங்களா' என்று சுற்றி வளைத்தால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். 'ஆமாம்' என்றால் அவரைத் தனியே விடாமல் உடனே டூட்டி சிஸ்டரையும் டாக்டரையும் கூப்பிடுங்கள். முயன்றுவிட்டு வந்தவரை விசாரணை போல நடத்தாதீர்கள், அவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு. வீட்டுக்குப் போகும்போது உதவிக்கு அழைக்கும் போன் எண்களை எழுதிக்கொடுங்கள்: டெலிமானஸ் 14416, தமிழ்நாட்டில் 104, கேரளத்தில் திசா 1056. நீங்களும் குறித்து வையுங்கள், இந்த எண்கள் மாணவர்களுக்கும்தான்.

எனக்கே அழுகை வந்துவிட்டது. நான் இந்த வேலைக்குத் தகுதியில்லையோ?

கண் கலங்கியதால் தகுதி போகாது. அன்றைக்கே உங்கள் டீச்சரிடம் பேசுங்கள், மேற்பார்வை என்று நாங்கள் சொல்வது இதைத்தான். பெரிய தெரபிஸ்டுகளும் இன்னொருவரிடம் தங்கள் கேஸைக் கொண்டுபோய்ப் பேசுகிறார்கள். உறக்கம் கெட்டு ஒரு வாரத்துக்கு மேல் போனால் நீங்களும் உதவி கேளுங்கள்.

போஸ்டிங் முடிகிறது. போன் நம்பர் கேட்கிறார், பலாச்சுளை கொடுக்கிறார். எப்படி விடைபெறுவது?

நம்பர் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் ராத்திரி ஒரு மணிக்கு வரும் அழைப்புக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? 'நான் தனியா நம்பர் கொடுக்க முடியாது, ஆனா ஓ.பி.யில இந்த நாள்ல இந்த சிஸ்டர் இருப்பாங்க' என்று சொல்லுங்கள். பலாச்சுளையை மறுத்து அவரைச் சிறுமைப்படுத்தவும் வேண்டாம், தனியாக வாங்கி வைத்துக்கொள்ளவும் வேண்டாம், டூட்டி சிஸ்டருக்குத் தெரிந்து எல்லோரும் பகிர்ந்து சாப்பிடலாம். பணமோ நகையோ என்றால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்.

கடைசி நாளை ஒரு வாரம் முன்பே சொல்ல ஆரம்பியுங்கள். சொன்ன பிறகு சிலர் கோபப்படுவார்கள், சிலருக்குப் பழைய அறிகுறி திரும்பும். கஞ்சி அம்மா அந்த மாணவியின் கடைசி நாளில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் வழக்கமான பத்து நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தாள். அதன் பிறகு செய்ய வேண்டியது ஹேண்டோவர்: என்ன பேச ஆரம்பித்தார், எது இன்னும் பாக்கி, எப்படி அணுகினால் பேசுகிறார் என்று நான்கு வரி. அதை எழுதாமல் போனால் அடுத்த பேட்ச் பிள்ளை வந்து மறுபடியும் 'ஏன்மா சாப்பிடலை' என்றுதான் தொடங்கும்.